மாத்திரை இலவசம், மற்றதெல்லாம் யார் செலவு?

“மருந்து இலவசம். பரிசோதனை இலவசம். பிரசவம் இலவசம். இத்தனையும் செய்து கொடுத்த பிறகும் ஒரு தாய் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிட்டால் அரசாங்கம் என்ன செய்யும்?” எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிகளைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். மருத்துவர் கேட்கிறார், செவிலியர் கேட்கிறார், அதிகாரி கேட்கிறார், சில வீடுகளில் அந்தப் பெண்ணின் கூடப்பிறந்த அண்ணனே கேட்கிறார். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: தப்பு தாயுடையது. அவளுக்கு விவரம் போதாது, அல்லது அலட்சியம், அல்லது பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் பயம் விட்டுப்போயிற்று. ஆகவே இன்னும் கொஞ்சம் அறிவுரை, இன்னும் கொஞ்சம் கண்டிப்பு, அதற்கும் மசியாவிட்டால் வீடு தேடிப் போய் இழுத்து வருவது.

இந்தப் பார்வையை மறுக்கவே இதை எழுதுகிறேன். இதில் இரக்கம் இல்லை என்பது என் குறை அல்ல; இரக்கமற்ற உண்மைகளும் உலகில் உண்டு. இது உண்மையே இல்லை என்பதுதான் என் வழக்கு. இதை நம்பிக் காரியம் செய்தால் தாயும் தவறிப்போகிறாள், பிள்ளையும் தவறிப்போகிறது.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மருந்து இலவசம் என்பது லேசான காரியமல்ல. ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தைக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்க்கும், பிறகு ஆறு வாரம் பிள்ளைக்கும் கொடுத்தால் தொற்று நூற்றுக்கு 25 என்ற அளவிலிருந்து 8 ஆக இறங்குகிறது என்று 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. அன்றைக்கு அந்த மருந்து நம் நாட்டு ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. இந்தியாவில் அரசு மருத்துவமனைகள் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். முதல் கட்டத்தில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தாமதமாகத் தொடங்கினாலும் இது வேகமாக வேலை செய்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சிகிச்சை தொடங்கிய பெண்களை வைத்து உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஓர் ஆய்வு நடந்தது. டோலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது; பழைய மருந்து எடுத்தவர்களில் 43 சதவீதம்தான். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று போகும். மாத்திரை விடாமல் போனால் தாய்ப்பால் கொடுத்தாலும் ஐந்துக்குக் கீழே நிற்கும். மருத்துவம் தன் பங்கைச் செய்துவிட்டது என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு பிரசவ அறையோடு முடிகிற விஷயம் அல்ல. வைரஸ் கருப்பையில் போகலாம், பிரசவத்தில் போகலாம், பால் வழியாகவும் போகலாம். பால்குடி இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும். பிள்ளை பிறந்ததும் வாரக்கணக்கில் தினமும் மருந்துச் சிரப் கொடுக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு வைத்து உலர்த்திச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஆறு மாதத்தில், ஒரு வயதில், கடைசியாக ஒன்றரை வயதில். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் பிள்ளையின் ரத்தத்தில் அதுவரை தங்கி நிற்கக்கூடும் என்பதால், பதினெட்டு மாதம் முடியாமல் கடைசி முடிவைச் சொல்ல முடியாது. ஒருவேளை தொற்று போயிருந்தால் நாளைக் கடத்தக்கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கண்டுபிடித்த உடனே சிகிச்சை தொடங்கினால் சாவு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் காட்டியது. ஆக, கரு தங்கியதிலிருந்து பிள்ளை ஓடியாடும் வயது வரை, இரண்டு வருடத்துக்கு மேல் தாயும் பிள்ளையும் மருத்துவத்தின் கண்ணில் இருக்க வேண்டும். 2023-இல் உலகம் முழுக்கச் சுமார் 1,20,000 குழந்தைகளுக்குப் புதிதாகத் தொற்று வந்தது என்பது ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் மதிப்பீடு. அந்தக் குழந்தைகளின் தாய்மாரில் மருந்தே கிடைக்காதவர்களும் உண்டு, கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ புதிதாகத் தொற்று வந்தவர்களும் உண்டு, மருந்து தொடங்கி நடுவில் நின்றவர்களும் உண்டு. அந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வழக்கு.

அவர்கள் ஏன் நின்றார்கள்? இதற்கு ஊகம் தேவையில்லை, மலாவி இருக்கிறது.

தெற்கு ஆப்பிரிக்காவின் இந்த ஏழை நாடு 2011-இல் துணிச்சலான ஒரு முடிவு எடுத்தது. அதுவரை நோயெதிர்ப்பு அணுக்களின் அளவைச் சொல்லும் சி.டி.4 எண்ணிக்கை பார்த்து, இறங்கியிருந்தால்தான் தாய்க்கு வாழ்நாள் சிகிச்சை. அந்த எண்ணிக்கையைப் பார்க்கும் இயந்திரம் பெரும்பாலான கிராம மருத்துவமனைகளில் கிடையாது. ‘எண்ணிக்கையே வேண்டாம், தொற்று உள்ள எல்லாக் கர்ப்பிணிக்கும் அன்றே தொடங்கு, ஆயுள் முழுக்கக் கொடு’ என்றது மலாவி. ஒரு காலாண்டில் 1,257 கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சிகிச்சை தொடங்கிய நாட்டில், சுமார் ஒரு வருடத்தில் அந்த எண்ணிக்கை காலாண்டுக்கு 10,663 ஆயிற்று. உலகமே இந்த வழிக்கு வந்தது. இந்தியாவும் 2014-இல் வந்தது.

அதே ஆண்டு மலாவியிலிருந்து வந்த ஓர் ஆய்வு கசப்பான செய்தியைச் சொன்னது. இப்படித் தொடங்கியவர்களில் 17 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையிலிருந்து காணாமல் போயிருந்தார்கள், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலேயே. நோய் முற்றிச் சிகிச்சை தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்பத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. தாயைக் குறை சொல்பவர்களுக்கு இது வெல்லக்கட்டி. “பார்த்தீர்களா, தன் உடம்புக்கு வந்தால் வருகிறாள், பிள்ளைக்காக என்றால் வருவதில்லை.”

அவசரப்பட வேண்டாம். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த இழப்பு எவ்வளவு என்று பார்த்தபோது, ஓரிடத்தில் பூஜ்யம், இன்னோரிடத்தில் 58 சதவீதம். ஒரே நாடு, ஒரே மாத்திரை, ஒரே அரசாங்க உத்தரவு. அலட்சியம் தாய்மாரின் குணம் என்றால் அது கட்டடத்துக்குக் கட்டடம் எப்படி மாறும்? ஒருவரைக்கூட இழக்காத மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மட்டும் பொறுப்பான தாய்மார் குடியிருந்தார்களா? பாதிக்கு மேல் இழந்த இடத்தில் மொத்த ஊரும் பொறுப்பற்றதா? இந்த ஒரு எண்ணுக்குப் பதில் சொல்லாமல் யாரும் தாயின் குணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. இழப்பு எங்கே அதிகம் என்றும் ஆய்வு சொல்கிறது: கூட்டம் நெரியும் பெரிய மருத்துவமனைகளில், தொற்று என்று தெரிந்த அன்றைக்கே மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்ட கர்ப்பிணிகளிடம்.

அந்த ஐந்து மடங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நோய் முற்றி வருபவளுக்கு மாதக்கணக்கில் உடம்பு சொல்லியிருக்கிறது. எடை இறங்கியது, காய்ச்சல் விடவில்லை. மருந்து எடுத்தால் தெம்பு திரும்புவது அவளுக்கே தெரிகிறது. கர்ப்பிணியோ மசக்கைக்கும் தடுப்பூசிக்கும் வந்தவள். உடம்பில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவளிடம் சொல்லப்படுபவை: உனக்குத் தொற்று இருக்கிறது, உன் கணவருக்கும் இருக்கலாம், பிள்ளைக்கும் போகலாம், இன்றிலிருந்து சாகும்வரை தினமும் இந்த மாத்திரை, அடுத்த மாதம் வா. வெளியே வரிசையில் நாற்பது பேர். அன்றைக்கே மாத்திரை தொடங்குவதில் பிழையில்லை. வைரஸ் நல்ல நாள் பார்க்காது. அந்தப் பேச்சும் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் பிழை. சிகிச்சையிலிருந்து நின்றவர்களைத் தேடிப் போன ஆய்வு ஒன்று தலைநகர் லிலோங்வேயில் நடந்தது. ஊர் மாறிப் போனது, பஸ்சுக்குக் காசில்லாதது, முதல் நாள் சொன்னது புரியாதது என்றுதான் பெண்கள் காரணம் சொன்னார்கள். அதிலும் கணிசமானவர்கள் சிகிச்சையை விடவே இல்லை; வேறோர் ஊர் மருத்துவமனையில் பெயர் கொடுத்து மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய ஊர்ப் பதிவேட்டில் மட்டும்தான் அவர்கள் காணாமல் போயிருந்தார்கள்.

இன்னொரு கேள்வி. பிள்ளை பிறந்ததும் வேலை முடிந்தது என்று இந்தத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். 1999-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரையும், பிறந்த பிள்ளைக்கு ஒரே ஒரு வேளை மருந்தும் கொடுத்தால் தொற்று ஏறக்குறையப் பாதியாகிறது என்று காட்டியது. மிக மலிவு, மிக எளிது. இந்தியாவின் தேசியத் திட்டம் 2002-இல் இதைத்தான் கையில் எடுத்தது; பத்தாண்டுக்கு மேல் இதுவே வழக்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தாய்க்கு என்ன கிடைத்தது? ஒரு மாத்திரை, ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அவளுடைய தொற்றுக்கு அது சிகிச்சையே அல்ல. போதாததற்கு, அந்த ஒற்றை வேளை மருந்து அவள் உடம்பில் இருந்த வைரஸை நெவிரபினுக்கு மசியாததாகப் பழக்கிவிட்டது. பிற்பாடு அவளுக்கே சிகிச்சை தேவைப்பட்டபோது என்ன ஆயிற்று என்று ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முன்பு ஒற்றை வேளை வாங்கியிருந்த பெண்களுக்கு நெவிரபின் அடங்கிய கூட்டு மருந்து கொடுத்தபோது 26 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது அல்லது உயிர் போயிற்று. வேறு மருந்து கொடுக்கப்பட்டவர்களில் அது 8 சதவீதம். பிள்ளையைக் காக்கத் தாயின் எதிர்கால மருந்தைச் செலவழித்திருந்தோம்.

இதை முன்கூட்டியே பார்த்தவர்கள் இருந்தார்கள். தாய் சேய் நலம் என்ற பெயரில் நடக்கும் திட்டங்களில் தாய் எங்கே என்று பொதுச் சுகாதார அறிஞர்களான ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் 1985-லேயே ‘லான்செட்’ இதழில் கேட்டார்கள். அதே ரோசன்ஃபீல்டு பிற்காலத்தில், பிள்ளைக்குத் தொற்று போகாமல் தடுப்பதோடு நிற்காமல் தாய்க்கும் குடும்பத்துக்கும் முழுச் சிகிச்சை தரும் முயற்சியை முன்னின்று தொடங்கினார். அவர்கள் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. பத்து வருடம் ‘பிரசவத்துக்கு வா, மாத்திரை வாங்கு, போ’ என்று பழக்கிவிட்டு, இப்போது ‘ஏன் பிரசவத்துக்குப் பிறகு வரவில்லை’ என்று அதட்டுகிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பணி மற்ற பல மாநிலங்களுக்கு முன்மாதிரி. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது, கர்ப்பிணியின் பெயர் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு கணினியில் இருக்கிறது. இருந்தும் இங்கே ஒரு பெண் நடுவழியில் விடுபட ஒரு காரணம் வருடா வருடம் வளையல் அடுக்கி நம் கண்முன்னே நடக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அடுத்த நாள் தாய் வீடு. பதிவு ஒரு மாவட்டத்தில், பிரசவம் இன்னொரு மாவட்டத்தில், மூன்றோ ஐந்தோ மாதம் கழித்துத்தான் திரும்புதல். மருத்துவத்தின் மிக நெருக்கடியான காலம் முழுக்க அவள் தன் மையத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறாள். பதிவேடுகளோ மையத்துக்கு மையம் வெட்டி நிற்கின்றன.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். புகுந்த வீடு போடிநாயக்கனூர் பக்கம். கூட்டு மருந்து வாங்குவது க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். தாய் வீடு அருப்புக்கோட்டை. பிள்ளை பிறந்து இரண்டு மாதம், மாத்திரை தீரப்போகிறது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி மதுரை மாட்டுத்தாவணி. தேனி பஸ் அங்கே நிற்காது, ஆரப்பாளையம் போக வேண்டும். அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி க.விலக்கு. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு, பெருமைக்குரிய திட்டம்தான். ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்கு. இந்தப் பயணத்தில் அவளுக்கு இலவசமாக வருவது மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையம் வரை மட்டும். கையில் பச்சைக் குழந்தை, துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் அன்றைய கூலி, எல்லாவற்றுக்கும் மேல் ‘எதுக்கு இவ்வளவு தூரம் போறே?’ என்ற கேள்விக்கு ஒரு பொய். மாத்திரை இலவசம்தான்.

விருதுநகர் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம். அதற்கு முதல் மையத்திலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டும், புது மையத்தில் மறுபடி பெயர் சொல்லிக் கதை சொல்ல வேண்டும். தாய் வீட்டு ஊர் என்பது அவளை மூக்கொழுகிய வயதிலிருந்து தெரிந்த ஊர். மருந்துச் சீட்டு எழுதுபவர் சித்தியின் எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம். ஆறாவது வாரப் பரிசோதனை வரும்போது ‘பச்சை உடம்புக்காரி வெளியே போகக்கூடாது’ என்று பாட்டி வாசலை மறித்து நிற்பார். பாட்டியிடம் உண்மையான காரணத்தைச் சொல்ல முடியுமா?

வீட்டுக்குள் இருப்பது இன்னொரு கதை. முப்பது மாத்திரை அடைத்த பிளாஸ்டிக் டப்பா குலுங்கினால் சத்தம் போடும். அதற்காகப் பெண்கள் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையைத் துணியில் முடிகிறார்கள், மஞ்சள் டப்பாவில் போடுகிறார்கள், அரிசிக்குள் புதைக்கிறார்கள். பகலில் எல்லோரும் இருந்தால் ராத்திரி, ராத்திரி மாமியார் பக்கத்தில் படுத்தால் விடியற்காலம். கர்ப்பிணிக்குத்தான் கட்டாயம்போல் முதலில் பரிசோதனை நடக்கிறது என்பதால், வீட்டில் முதலில் தெரிய வருவது அவளுடைய தொற்று. அதனாலேயே ‘இவள்தான் கொண்டுவந்தாள்’ என்ற பழியும் அவள் தலையில். கணவரின் ரத்தம் பல வீடுகளில் கடைசிவரை பரிசோதிக்கப்படுவதே இல்லை. இத்தனையையும் தாண்டி, நான்கு நாள் தாமதமாக ஒரு தாய் மையத்துக்கு வந்து நிற்கிறாள் என்றால், ‘ஏன் லேட்டு?’ என்று வரிசைக்கு முன்னால் வைத்துக் கேட்கும் குரல் அடுத்த மாதத்தைச் சேர்த்தே வெட்டிவிடுகிறது. அலட்சியமானவள் நான்கு நாள் கழித்தும் வரமாட்டாள் என்பது அந்தக் குரலுக்குத் தோன்றுவதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. “எல்லாம் சரி, பிள்ளை என்ன பாவம் செய்தது? தாயின் சங்கடங்களுக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்க முடியுமா? கட்டாயப்படுத்தினால் என்ன தப்பு?” கேட்கும்போது மனசாட்சியின் குரல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இது தாயையும் பிள்ளையையும் எதிரெதிர்க் கட்சியாக நிறுத்திவிட்டு நியாயம் பேசுகிறது. இந்த நோயில் அந்தப் பிரிவே கிடையாது. பிள்ளையின் மருந்து தாயின் ரத்தத்தில் ஓடுகிறது. தொற்று இல்லாமல் பிறந்த பிள்ளையும் தாய் இறந்துபோனால் பிழைத்திருக்கும் வாய்ப்புக் குறைகிறது என்று ஆப்பிரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தாயை விரட்டிப் பிள்ளையைக் காக்க வழியில்லை. விரட்டினால் அடுத்த பிரசவத்துக்கு அவள் பரிசோதனைக்கே வரமாட்டாள், அல்லது முகவரியை மாற்றிச் சொல்வாள். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாத பரிசோதனையையும், தொற்றை வெளியே சொல்வதையும் தடுப்பது தாய்மார் மேல் வைத்த கருணையால் மட்டும் அல்ல. பயம் உள்ள இடத்தில் நோய்க்கட்டுப்பாடு நடக்காது என்ற பட்டறிவாலும்தான்.

இங்கே சிலர் கியூபாவைக் காட்டுவார்கள். தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவுவதை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் முதன்முதலாகச் சான்று கொடுத்த நாடு அது. தொற்றுள்ளவர்களை முகாமில் அடைத்து வைத்த நாடும் அதுவே. ஆனால் கட்டாய முகாம் 1990-களின் முற்பகுதியிலேயே கைவிடப்பட்டுவிட்டது. சான்று வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து, ஒவ்வொரு கர்ப்பிணியையும் குடும்ப மருத்துவர் ஒருவர் கைவிடாமல் பார்க்கும் ஏற்பாட்டால். 2019-இல் அதே சான்றைப் பெற்ற இலங்கையிலும் அடைத்து வைத்தல் இல்லை. வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல மாதுவும், அநேகமாக எல்லாக் கர்ப்பிணிக்கும் கிடைக்கும் பரிசோதனையும்தான் இருந்தன.

சரி, எது வேலை செய்கிறது? இதற்கும் விடை இருக்கிறது. 2001-இல் கேப் டவுனில் மிட்செல் பெஸ்ஸர் என்ற மகப்பேறு மருத்துவர் ‘மதர்ஸ் டு மதர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் யோசனை எளியது: இதே பாதையைக் கடந்து வந்த தொற்றுள்ள தாயைச் சம்பளம் கொடுத்து மருத்துவமனையில் உட்காரவைப்பது. மலாவியிலேயே 21 மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் இரண்டு வருடம் கழித்துச் சிகிச்சையில் நீடித்த தாய்மார் 66 சதவீதம். மருத்துவமனையில் சக தாயின் துணை கிடைத்த இடங்களில் 80. சக தாய் ஊருக்கே வந்து பார்த்த இடங்களில் 83. மாத்திரை மாறவில்லை, தாய்மாரும் மாறவில்லை. மாறியது பக்கத்தில் உட்கார்ந்த ஆள்.

காங்கோவின் கின்ஷாசாவில் இன்னொரு சோதனை. ஒவ்வொரு வருகைக்கும் சிறு தொகை கையில் கொடுத்தார்கள். 5 டாலரில் தொடங்கி, விடாமல் வந்தால் தடவைக்கு ஒரு டாலர் கூடும். பிரசவமாகி ஆறு வாரம் கழித்தும் சிகிச்சையில் இருந்தவர்கள் 72-லிருந்து 81 சதவீதமாக ஏறினார்கள். ‘பிள்ளையைக் காக்கத் தாய்க்கு லஞ்சமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைத் தவணை தவணையாக, பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் இணைத்துத் தருகிறோமே, அதை யாராவது லஞ்சம் என்றார்களா? ஏழைத் தாய்க்கு ஆஸ்பத்திரிக்கு வருவதே ஒரு செலவு என்று தமிழ்நாடு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. எச்.ஐ.வி. என்றதும் மட்டும் அந்த ஞானம் மறந்துபோய், அறிவுரை நினைவுக்கு வருகிறது.

‘இன்னொரு நோயாளி சொல்லி என்ன ஆகப்போகிறது, டாக்டர் சொல்லியே கேட்கவில்லையே’ என்பது கடைசி ஆட்சேபம். டாக்டருக்குத் தெரியாதது அந்த இன்னொரு தாய்க்குத் தெரியும்: மாத்திரையை எங்கே ஒளிப்பது, மாமியாரிடம் என்ன சொல்வது, கணவரைப் பரிசோதனைக்கு எப்படி அழைத்து வருவது. சென்னையில் பி.கௌசல்யா முன்னின்று 1998-இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார். இந்த அறிவு நம்மிடம் புதிதல்ல. அதைச் சம்பளமில்லாத் தொண்டாகவும் திட்டநிதி தீர்ந்தால் தீரும் வேலையாகவும் வைத்திருப்பதுதான் நம் பிழை. தமிழ்நாட்டில் இந்தத் தாய்மாரின் எண்ணிக்கை பெரிதல்ல என்று சமாதானம் சொல்வார்கள். பெரிதல்ல என்றால் ஒவ்வொருவரையும் பெயரோடும் வழியோடும் தெரிந்துவைத்திருக்க முடியும் என்று அர்த்தம். கைவிடலாம் என்று அர்த்தமல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. வளைகாப்புக்கு முன்பே ‘பிரசவம் எந்த ஊரில்?’ என்று கேட்டு, அந்த ஊர் மையத்தோடு ஆலோசகரே பேசி, கடிதத்தைத் தாய் தூக்கிக்கொண்டு அலையாமல் கணினியில் அனுப்பிவைக்க வேண்டும். பிள்ளை ஒன்றரை வயது ஆகும்வரை தாயின் மாத்திரையும் பிள்ளையின் பரிசோதனையும் தடுப்பூசி நாளிலேயே, ஒரே இடத்தில் நடக்க வேண்டும். பயணச் செலவு மாவட்டம் தாண்டியும் திரும்பக் கிடைக்க வேண்டும். சக தாய்மார் ஆஸ்பத்திரியின் ஊதியப் பட்டியலில் ஏற வேண்டும். மாத்திரை தீருவதற்குள் வரமுடியாதவளுக்குக் கூடுதலாக ஒரு மாத மருந்து முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். தாமதமாக வருபவளிடம் முதல் வார்த்தை ‘வந்ததே நல்லது’ என்று இருக்க வேண்டும். இந்த வார்த்தைக்குப் பட்ஜெட்கூட வேண்டாம்.

இதோடு ஒவ்வொரு மையமும் ஆண்டுதோறும் மூன்று கணக்கை வெளியிட வேண்டும். பதிவான தாய்மாரில் எத்தனை பேர் பிரசவமாகி ஒன்றரை வருடம் கழித்தும் சிகிச்சையில் இருக்கிறார்கள்? விடுபட்டவர்களில் எத்தனை பேரைத் தேடிப் பார்த்து, எந்த மையத்தில் இருக்கிறார்கள் என்று உறுதி செய்தீர்கள்? பக்கத்து மையம் உங்களைவிடக் குறைவாக இழந்திருந்தால், அவர்கள் என்ன வித்தியாசமாகச் செய்தார்கள் என்று போய்ப் பார்த்தீர்களா? இந்த மூன்றுக்கும் விடை கையில் இல்லாத எவருக்கும் தாயின் அக்கறையைப் பற்றிப் பேச உரிமை இல்லை.